மருத்துவ பீடத்துக்கு வருபவர்களும் வெளியேறுபவர்களும்

1870 இல் தொடங்கிய கொழும்பு மருத்துவ பீடம் உட்பட இந்நாட்டின் அரச மருத்துவ பீடங்களில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் நிரப்பப்படுவதால், கொழும்பின் பெரிய பாடசாலையில் பயின்றவரும் நுவரெலியாத் தோட்டப் பகுதியிலிருந்து வந்தவரும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர முடிகிறது. இது பெருமைப்படத்தக்க ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். உயர்தரம் வரை தமிழில் கற்ற பிள்ளை முதலாம் ஆண்டிலேயே உடற்கூற்றியலை ஆங்கிலத்தில் படிக்க நேர்வது (இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை) பெருஞ்சுமை. மாணவர்களில் இன்று பெண்களே அதிகம்.

பட்டம் பெற்றபின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. பின்னர் திறமை வரிசைப்படி நியமனம். முன்வரிசையில் நிற்பவர்கள் விரும்பிய வைத்தியசாலைகளைத் தெரிவுசெய்துகொள்ள, தூரப் பிரதேச வெற்றிடங்கள் எஞ்சியோருக்கே வருகின்றன. விசேட மருத்துவராவதற்கு வெளிநாட்டுப் பயிற்சியும் தேவைப்படுகிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அவ்வாறு சென்றவர்களில் பலர் திரும்பவில்லை. மாவட்ட ஒதுக்கீட்டில் நுழைந்தவர்களில் எத்தனை பேர் தம் மாவட்டத்திலேயே பணியாற்றுகிறார்கள் என்பதைப் பீடங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.