இடது கண்

மார்ச் 1, ஞாயிறு
கான்டாக்ட் லென்ஸை நிறுத்திப் பதினைந்து நாள். பழைய கண்ணாடிதான். நாளை மறுநாள் கண்ணில் லேசர் சிகிச்சை.

மார்ச் 2
498. என் கருவிழியின் தடிமன், மைக்ரானில். பலருக்கு 540 அளவில் இருக்குமாம். அதனால் மடல் வெட்டித் திறக்கும் லேசிக் வேண்டாம், மேல்தோலை மட்டும் வழித்துவிட்டு லேசர் பாய்ச்சலாம், வலி கூடுதல், ஆறவும் நாளாகும் என்றார் டாக்டர். வழித்த தோல் வளர்ந்துவிடும். லேசர் எடுத்தது வளராது. தூக்கம் வரவில்லை.

மார்ச் 3
முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டே எழுதுகிறேன்.

மார்ச் 5
அம்மா ஜன்னலில் கறுப்புப் புடவையைக் கட்டியிருக்கிறாள். அப்படியும் கதவிடுக்கு வெளிச்சம் குத்துகிறது. ஏன் செய்துகொண்டேன்?

மார்ச் 7, சனி
வலி விட்டிருக்கிறது. மறப்பதற்குள் எழுத வேண்டும்.

மரத்துப்போகச் சொட்டு விட்டு, இமைகளைக் கம்பியால் விரித்தார்கள். ஒரு வளையத்துக்குள் ஆல்கஹால் மருந்தை நிறுத்தி, ஊறிய தோலை வழித்தார்கள். வலிக்கவில்லை. ஆனால் மேலே இருந்த பச்சைப் புள்ளி கரைந்து பச்சைக் குளமாகிவிட்டது. "அந்தப் பச்சையையே பாருங்கள்." எங்கே பார்ப்பது? பிறகு டக்டக்கென்று சத்தம். முடி கருகும் வாடை.

கருகல் இல்லை, எனக்குத் தெரியும். 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் சுடாமல் மூலக்கூறுகளின் பிணைப்பை அறுக்கிறது. அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் 1929இல் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். 1981இல், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் குருத்தெலும்பில் பாய்ச்சிப் பார்த்தார். கருகாமல் வெட்டியது. படுத்திருந்தபோது அவர் பெயரை மந்திரம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். வலது கண்ணுக்குச் சொன்னேன். இடது கண்ணின்போது மறந்துவிட்டேன்.

மார்ச் 8
புண் ஆறும்வரை கண்மேல் வைத்திருந்த பாதுகாப்பு லென்ஸை எடுத்தார்கள். வலது கண் பரவாயில்லை. இடது கண்ணில் எல்லாம் இரட்டை.

மார்ச் 10, செவ்வாய்
கட்டிலிலிருந்து காலண்டர் தெரிகிறது! ராகு காலம் 3.00 – 4.30. அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அப்புறம்தான் உறைத்தது, செவ்வாய்க்கிழமை ராகு காலம் எனக்கு மனப்பாடம். படித்தேனா, நினைத்தேனா?

மார்ச் 11
தோல் ஓரத்திலிருந்து வளர்ந்து நடுவில் வந்து சேருமாம். சேர்ந்த இடம் சில நாள் மேடாக இருக்கும், அதனால்தான் இரட்டை என்கிறார் டாக்டர். பார்வை நகர்ந்தாலும் லேசர் கண்ணைத் தொடர்ந்தே வருமாம். நான் நழுவவிட்டதால் அல்ல என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மார்ச் 13
காலையில் எழுந்ததும் கை தலையணைக்கு அடியில் கண்ணாடியைத் தேடியது. அம்மா அதை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

மார்ச் 16
சொட்டு. சொட்டு. சொட்டு. "மேலே பார் கண்ணு."

மார்ச் 19, வியாழன்
ராசிபலனை மனப்பாடம் செய்ய முடியாது, தினமும் மாறும். அம்மா தாளைக் கிழித்ததும் கட்டிலிலிருந்தே, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். கடகம், சுகம். அம்மா அருகில் போய்ப் பார்த்து, ஆமாம் என்றாள். இடது கண்ணுக்கு நாளைய தாள்தான் வேண்டும். இன்றைய சொல் தெரிந்துவிட்டது.