அவிசுவாசியின் வாய்க்குள் போனது என்ன? இராப்போஜனக் கேள்வியில் ஒருமுறை விழுந்தவன் சொல்வது

முந்தாநாள் முடிவு வந்தது. பி.டி. என்ற இறையியல் பட்டப்படிப்பில் இறையியல் தாளை இரண்டாம் முறை எழுதித் தேறிவிட்டேன். முதல் முறை என்னைக் கவிழ்த்தது இராப்போஜனக் கேள்விதான்: அந்த அப்பம் கிறிஸ்துவின் உடலா, அடையாளமா என்பதில் யார் யார் என்ன சொன்னார்கள்? திடப்படுத்தல் எடுத்த நாளிலிருந்து அப்பமும் ரசமும் வாங்குகிறவன், இதில் படிக்க என்ன இருக்கிறது என்ற தெனாவட்டு.

கத்தோலிக்கருக்கு மெய்யான உடல், சீர்திருத்தக்காரர்களுக்கு வெறும் அடையாளம் என்று இரண்டே மூட்டையாகக் கட்டினேன். சீர்திருத்தக்காரர்களான லூத்தரும் கால்வினும், அடையாளம்தான் என்ற சூரிக் நகரத்துச் சுவிங்கிலியின் மூட்டைக்குள் போய்விட்டார்கள். 1529இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் நடந்த விவாதத்தில், ‘இது என் சரீரம்’ என்று லத்தீனில் சாக்பீஸால் மேசைமேல் எழுதி வைத்துக்கொண்டு சுவிங்கிலியோடு மல்லுக்கு நின்றவர் லூத்தர். 14 கூறுகளில் ஒத்துப்போனவர்கள், 15ஆவதில் உடல் மெய்யாகவே அப்பத்தில் உண்டா என்ற இடம் வந்ததும் பிரிந்துவிட்டார்கள். அந்த மனிதரை அடையாளக் கட்சியில் சேர்த்தால் திருத்துகிறவர் என்ன செய்வார்?

மனப்பாடம் எனக்கு வராது. வருகிறவர்கள் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். என்னைக் காப்பாற்றியது ஒரே கேள்வி: விசுவாசமே இல்லாத ஒருவன் வரிசையில் வந்து அப்பத்தை வாங்கித் தின்றுவிட்டான். அவன் வாய்க்குள் போனது என்ன?

இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் அக்குவினாஸைக் கேட்டால் கிறிஸ்துவின் உடல் என்பார். உட்பொருள் மாறிவிட்டது, நிறமும் ருசியும்தான் அப்பத்துடையவை. லூத்தரும் உடல்தான் என்பார், ஆனால் அப்பமும் அப்பமாகவே இருக்கிறது. தின்றவனுக்கு அது ஆக்கினைத்தீர்ப்பு. சுவிங்கிலிக்கு அது அப்பம். கிறிஸ்துவின் உடல் பிதாவின் வலது பாரிசத்தில் இருக்கும்போது மேசைக்கு எப்படி வரும்?

கால்வினிடம்தான் நிதானம் வேண்டும். கிறிஸ்து அவனுக்கும் மெய்யாகவே கொடுக்கப்படுகிறார், ஆனால் விசுவாசம் இல்லாததால் அவன் பெற்றுக்கொள்வதில்லை. உடல் கீழே இறங்கி வருவதில்லை. ஆவியானவர் விசுவாசியை மேலே இருக்கிற கிறிஸ்துவோடு இணைக்கிறார். ஆக, வெறும் அடையாளமும் இல்லை, வாயால் உண்பதும் இல்லை. இந்த முறை இதற்கே ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

அப்புறம் சில்லறை விஷயங்கள்:

– ஆண்டுகளில் நான்கு போதும்: 1215 நான்காம் லாத்தரன் (உட்பொருள் மாற்றத்தைச் சொன்ன கத்தோலிக்கச் சங்கம்), 1529 மார்பர்க், 1549 சூரிக் உடன்பாடு (கால்வினுக்கும் சூரிக் சபைக்கும் இடையே), 1551 திரெந்து (உட்பொருள் மாற்றத்தை உறுதிசெய்த கத்தோலிக்கச் சங்கம்).
– லூத்தர் பெயருக்குப் பக்கத்தில் ‘கன்சப்ஸ்டான்ஷியேஷன்’ (அப்பத்தின் உட்பொருளோடு உடலின் உட்பொருளும் சேர்ந்திருக்கிறது என்ற கருத்து) என்று எழுதாதீர்கள். லூத்தரன்களே அந்தச் சொல்லை ஏற்பதில்லை.
– கிழக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு, ஆவியானவரை அழைக்கும் மன்றாட்டையும் புளித்த அப்பத்தையும் சொல்லிவிட்டு நகருங்கள்.
– இராப்போஜனத்தைப் பற்றிய ஆங்கிலிக்கன் விதி 28ஐ விடாதீர்கள். நான் முதல் முறை விட்டேன்.

மார்பர்க் சண்டை பெரும்பாலும் ‘எஸ்ட்’ (‘இருக்கிறது’) என்ற ஒரு லத்தீன் வினைச்சொல்லைப் பற்றியது. அதற்கு ‘குறிக்கிறது’ என்று பொருள் சொன்னார் சுவிங்கிலி. நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் ‘சரீரமாயிருக்கிறது’ என்று இருக்கிறது. பின்னால் வந்த மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘இது எனது உடல்’, அவ்வளவுதான், வினையே கிடையாது. கடைசிப் பத்தியாக இதையும் எழுதி வைத்தேன். அதற்கு மதிப்பெண் விழுந்ததா என்று கேட்காதீர்கள், விடைத்தாளை யார் காட்டினார்கள்?