அரைக் கோப்பைச் சோறு

"முதலில் சோற்றை விடுங்கள்" என்றார் அந்தப் பெண். கிழக்கு லண்டனில் ஒரு மண்டபத்தில் நடந்த வகுப்பு அது. நீரிழிவு வரக்கூடும் என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, எதைச் சாப்பிடலாம், எதைக் குறைக்கலாம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று காட்டும் எச்பிஏ1சி எனக்கு 44 வந்திருந்தது. இந்த நாட்டுக் கணக்கில் 42 இலிருந்து 47 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை. 48 ஐத் தொட்டால் நீரிழிவு. சுவரில் பெரிய சாப்பாட்டுக் கோப்பை ஒன்றின் படம். அதில் அவித்த உருளைக்கிழங்கு, பாஸ்தா, ப்ரோக்கோலி, ஒரு துண்டு சால்மன். பிட்டு இல்லை, இடியப்பம் இல்லை, பருப்பு இல்லை. எங்கள் ஆக்கள் ஒன்றாக இருந்த பக்கம் திரும்பி, மூன்று நேரமும் சோறு சாப்பிடுவதுதான் உங்களுடைய பிரச்சினை என்று சிரித்தபடி சொன்னார். சுருக்கென்றது.

அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனால் வன்னியிலிருந்து வந்தவர்களிடம் அதை அப்படிச் சொல்ல முடியாது. 2009 இன் முதல் மாதங்களில், இறுதிப் போரில், புதுக்குடியிருப்பை விட்டு மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று கடற்கரையோரமாக ஒதுங்கிக்கொண்டே போனபோது எங்களுக்குக் கிடைத்தது கஞ்சி. அரிசி, தண்ணீர், உப்பு. வரிசையில் நின்று அதை வாங்கிவரும் பிள்ளைகளின் கையில் பழைய ரின்னும் வாளியும். அம்மா தன் பங்கைத் தம்பியின் கோப்பைக்குள் ஊற்றிவிட்டுத் தான் முதலே குடித்துவிட்டதாகச் சொல்வார். அவர் குடிக்கவில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு செட்டிகுளம் முகாமில் நிவாரணமாக வந்த வெள்ளை அரிசியையும் கோதுமை மாவையும் பருப்பையும் அளந்து அளந்து செலவழித்தோம். இதையெல்லாம் கடந்து வந்தவர்களுக்கு, கோப்பை நிறையச் சோறு போட்டால்தான் மனம் அடங்கும். ஒரு பருக்கை குப்பைக்குள் போனாலும் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதைக்கும்.

அடுத்த நாள் காலை விசுவமடுவுக்கு அழைத்தேன். அங்கே மத்தியானம், அம்மா சமையலில் நின்றார்.

"அம்மா, என்னைச் சோத்தை விடட்டாம்."

"ஆர் சொன்னது?"

"இஞ்ச வகுப்பில சொல்லுகினம்."

"சோத்தை விட்டிட்டு என்னத்தைத் தின்னுறதாம், புல்லையோ?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கின பிறகு அம்மா குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் கிளினிக்கில அதைத்தான் பிள்ளை சொன்னவை. நீ யோசிப்பாய் எண்டு சொல்லேல்லை. இப்ப கொஞ்சக் காலமாக் குளிசை போடுறன்."

ஆக, வெள்ளைக்காரிக்கு எங்கள் சாப்பாடு தெரியவில்லை என்று இரவு முழுக்க நான் பட்ட கோபத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. அதே எச்சரிக்கையை எங்கள் ஊரில் எங்கள் தமிழில் எங்கள் தாதியே சொல்லியிருக்கிறார். ஆனால் சொன்ன விதம் வேறு. "அம்மா, சோத்தை விடவேண்டாம், அகப்பையைச் சின்னனாக்குங்கோ. முதல் கீரையையும் மீனையும் சாப்பிட்டு முடியுங்கோ, பிறகு சோறு" என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் அம்மா கேட்டார். விடச் சொல்லியிருந்தால் கிளினிக் வாசலிலேயே அதை மறந்துவிட்டு வந்திருப்பார்.

எங்கள் ஆக்களுக்கு இந்த நோய் விரைவாக வருவது உண்மை. தெற்காசியர்களுக்கு, உயரத்தோடு நிறையை ஒப்பிடும் உடல்நிறைக் குறியீடு 23 ஆனாலே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது என்று இந்த நாட்டு மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. வெள்ளையர்களுக்கு அந்தக் கோடு 25. பார்வைக்கு மெலிந்தவர்களாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேருகிறது. ஆனபடியால் "நான் குண்டில்லையே" என்று நாங்கள் ஆறுதல்பட முடியாது.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. எந்தப் பஸ் எங்கே போகும், எந்தக் கடையில் முருங்கைக்காய் மலிவு என்று யாரையும் கேட்காமல் போய்வருகிறேன். சாமான் பெட்டியின் முன்பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கொழுப்புக்கும் சீனிக்கும் உப்புக்கும் நிறம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் எடுப்பேன். ஒரு நாள் அப்படி நின்று ஒரு தயிர் டப்பாவைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, முல்லைத்தீவு வீதியில் சட்டியோடு விற்கும் எருமைத் தயிர் ஞாபகத்துக்கு வந்தது. மேலே மஞ்சளாக ஆடை, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத இறுக்கம். அது வந்தால் மற்றதும் வரும். காலமையில் குரக்கன் (கேழ்வரகு) பிட்டு. குளத்தில் பிடித்த விரால், அதற்குப் புளி கொஞ்சம் கூட. வைகாசி, ஆனியில் காட்டோரத்தில் பாலைப்பழம். பால் ஒட்டி உதடு பிரியாது. அருவி வெட்டுக் காலத்தில் வயலுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. கடகத்துக்குள் பானை, அதன் மேல் வாழையிலை. வெட்டுகிறவர்கள் வரம்பில் குந்தியிருந்து சாப்பிடுகிற சோற்றை இங்கே ஒரு குடும்பம் இரண்டு நாளைக்குச் சாப்பிடலாம். அவர்களில் ஒருவருக்கும் வயிறு தள்ளியிருக்கவில்லை. விடியப் பிடித்த அரிவாளைப் பொழுதுபடத்தான் கீழே வைப்பார்கள்.

நான் இங்கே ஒரு கடையில் காசு வாங்கும் மேசைக்குப் பின்னால் இருக்கிறேன். சாப்பிட்டதோ வரம்பில் குந்தியிருந்தவர்களின் சோறு. அரிசியும் அதுவல்ல. ஊரில் தவிடு முழுக்கப் போகாத சிவப்பு அரிசி, புழுங்கல். இங்கே எல்லாரும் வாங்குகிறார்கள் என்று நானும் வாங்கியது வெள்ளை அரிசி. தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியைவிடப் புழுங்கல் அரிசி இரத்தத்தில் சீனியை மெதுவாக ஏற்றும். குரக்கன் நல்லது, கல்சியம் நிறைய உண்டு. ஆனால் அதையும் மாவாக்கிக் கோப்பை நிறையப் பிட்டாக அவித்தால் சீனி ஏறத்தான் செய்யும். இதை நான் அம்மாவுக்குச் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. குரக்கனைக் குறை சொல்ல அவர் யாரையும் விடமாட்டார்.

போன முறை ஊருக்குப் போனபோது ஏ9 வீதியோரம், கிளிநொச்சியில் ஒரு கடையில் மருமகனுக்குச் சோடா வாங்கினேன். போத்தலில் சிவப்பு வட்டம். இலங்கையில் 2016 இலிருந்து குளிர்பானங்களில் சீனியின் அளவுக்கு இப்படி நிறம் போடுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த வட்டத்தைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு குடித்தான். அவன் வேண்டுமென்று மறைக்கவில்லை, பிடிக்கிற இடம் அது. எனக்குத்தான் கண் அதிலேயே நின்றது. நாங்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற மண்ணில் இப்போது மோட்டார் சைக்கிளில் வந்து ரோல்சும் சோடாவும் வாங்கிப் போகிறார்கள். பிள்ளைகள் விரும்பினதைச் சாப்பிடுவது எவ்வளவு சந்தோஷம்! அந்தச் சந்தோஷத்தோடேயே பயமும் வந்தது.

எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே அளவாக எடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். 2002 இல் சுவீடன் ஆய்வாளர்கள் மாப்பொருளைக் கடும் சூட்டில் பொரித்தால், வாட்டினால், புற்றுநோய் வரக்கூடும் என்று சந்தேகப்படுகிற அக்ரிலமைட் என்ற பொருள் உண்டாவதைக் காட்டினார்கள். 2017 இல் இங்கே உணவுப் பாதுகாப்பு நிறுவனம், பாணையும் கிழங்கையும் பொன்னிறத்தோடு நிறுத்துங்கள் என்று பிரசாரம் செய்தது. கருகின பகுதியை நானும் சுரண்டிவிடுகிறேன், அதற்கு மேல் தலையைப் போட்டு உடைக்கவில்லை. கருவாடு அப்படியல்ல. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, ஒரு துண்டுக் கருவாட்டிலேயே அதில் பெரும் பங்கு போய்விடும். முல்லைத்தீவுக் கருவாடு வீட்டுக்கு வந்தால் இப்போது நன்றாக ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி, கத்தரிக்காயோடு கொஞ்சமாகச் சேர்க்கிறேன். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. பொரிக்க அதை எடுப்பதை நிறுத்திவிட்டேன். சொதியை விடவில்லை. தேங்காய்ப் பாலை மட்டும் தண்ணீராகப் பிழிகிறேன்.

பழஞ்சோறு பெரிய வழக்கு. மிஞ்சின சோற்றை ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வை, ஒரு நாளுக்கு மேல் வைக்காதே என்கிறார்கள். சோற்றில் வளரும் ஒரு வகைப் பக்டீரியாவின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வெளியில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடியச் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் மோரும் விட்டுப் பிசைந்து வளர்ந்தவள் நான். இங்கே இப்போது பெட்டிக்குள் வைத்துத்தான் எடுக்கிறேன். அந்தப் புளிப்பு வருவதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை என்னைத் துள்ளவைத்தது. நெல் தண்ணீருக்குள் நின்று வளர்வதால் மண்ணிலுள்ள ஆர்சனிக் என்ற நஞ்சை மற்றத் தானியங்களைவிடக் கூட இழுத்துக்கொள்கிறது. இதனால் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பாலுக்குப் பதிலாக அரிசிப் பானம் கொடுக்காதீர்கள் என்று இந்த நாட்டில் அறிவுரை உண்டு. அதோடு, அரிசியை நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் ஆர்சனிக்கில் நல்ல பங்கு போய்விடும் என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாசித்தவுடன் எழுந்து நின்றுவிட்டேன். அம்மா வாழ்நாள் முழுக்கச் செய்தது இதுதானே! பானை வாயில் மூடியை அழுத்தி, இரண்டு பக்கமும் துணி பிடித்து, முகத்தை ஆவிக்கு ஒருக்களித்துக்கொண்டு கஞ்சியைச் சட்டிக்குள் சரிப்பார். கஞ்சி மாட்டுக்கு. நான் ரைஸ் குக்கரை அலுமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிட்டுப் பானை வாங்கினேன். வடிக்கும்போது சில விட்டமின்களும் சேர்ந்து போகும், தெரியும். பரவாயில்லை, கீரை இருக்கிறது.

இரண்டாவது வகுப்புக்கு ஒரு தாளோடு போனேன். இடியப்பம், பிட்டு, தோசை, குரக்கன், பருப்பு, வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, மீன் குழம்பு எல்லாவற்றையும் எழுதி, எது எவ்வளவு என்று சொல்லுங்கள் என்றேன். அந்தப் பெண் கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார். இடியப்பம் என்றால் என்ன என்று கேட்டார், கைத்தொலைபேசியில் படம் காட்டினேன். பாதிக் கோப்பை மரக்கறி, கால் பங்கு மீனும் பருப்பும், கால் பங்கு சோறோ பிட்டோ என்று படம் போட்டுத் தந்தார். அந்தக் கால் பங்கு எனக்கு இன்னும் கைவரவில்லை, அரைவாசியில் நிற்கிறேன். பக்கத்தில் இருந்த அக்காக்கள் அந்தத் தாளைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மே 18 அன்று முள்ளிவாய்க்காலை நினைத்து உப்புக் கஞ்சி குடிப்போம். அந்த நாளில் அளவையும் சத்தையும் நான் பார்ப்பதில்லை, யாரும் பார்க்கச் சொல்லவும் கூடாது.

மிகக் கஷ்டமானது மற்றவர்களின் வீடு. புதுக்குடியிருப்பு அக்கா ஒருவர் அகப்பையோடு நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல எந்தப் பிள்ளையால் முடியும்? "காணும் அக்கா" என்றால் "என்ன, கறி சரியில்லையோ?" என்று முகம் வாடிவிடும். இப்போது நான் "அக்கா, சோறு வேண்டாம், அந்த வறையில இன்னும் ரெண்டு கரண்டி போடுங்கோ" என்று கோப்பையை நீட்டுகிறேன். அக்காவுக்குத் தேவை ஏதாவது போடுவது. நாலு கரண்டி விழுகிறது. எங்கள் பிறந்தநாள் வீடுகளிலும் சாமத்திய வீடுகளிலும் ரோல்சுக்கும் வெள்ளைச் சோற்றுக்கும் பக்கத்தில் ஒரு தட்டுக் கீரை வறையும் கொஞ்சம் சிவப்பு அரிசிச் சோறும் வைக்கச் சொல்லி எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு வீட்டில் வைத்தார்கள், முதலில் காலியானது அந்தக் கீரைத் தட்டுதான்.

மிளகாய்த்தூளில் மட்டும் கை வைக்கமாட்டேன். அம்மா கறுக்க வறுத்து அனுப்புகிற தூள் அப்படியே வரட்டும்.