ரிசி சிகரம்: இரண்டாவது முயற்சி

ஜூலையில் பாதியிலேயே விட்டு வந்த ரிசியை இந்த செப்டம்பரில் ஏறி முடித்தேன். டாட்ரா மலைத்தொடரில், போலந்து–ஸ்லோவாக்கியா எல்லைக்கோடு இதன் உச்சி வழியாகவே போகிறது. எல்லையில் நிற்கும் வடமேற்குச் சிகரம் 2,499 மீட்டர். போலந்தில் இதைவிட உயரமான இடம் கிடையாது.

போன முறை என்னைத் திருப்பி அனுப்பியது மழை மட்டுமல்ல. பிடித்து ஏறுவதற்காகப் பாறையில் கட்டியிருக்கும் சங்கிலிகள் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முன்கை இரண்டும் இறுகி, விரலை மடக்க முடியாமல் போனது. மொத்த உடம்பையும் கையாலேயே இழுத்து ஏற்றியிருக்கிறேன். அதனால் இரண்டு மாதமும் செயற்கைப் பாறைச் சுவரில் ஒரே பயிற்சிதான்: கால் வைக்கும் இடத்தைப் பார், பாதத்தை ஊன்று, அப்புறம் கையை நகர்த்து.

விடியுமுன் கிளம்பினேன். மோர்ஸ்கியே ஓகோ ஏரி வரை ஒன்பது கிலோமீட்டர் தார்ச்சாலை, சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து சார்னி ஸ்டாவ் என்னும் கருநிற ஏரி. அதைத் தாண்டினால் செங்குத்துதான்.

சங்கிலிகள் கருங்கல் பாறையில் அடித்த இரும்பு முளைகளில் தொங்குகின்றன. காலையில் இரும்பு சில்லிட்டிருந்தது. மெல்லிய கையுறை உதவியது. இரண்டு முளைகளுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏற வேண்டும். இன்னொருவர் இழுத்தால் சங்கிலி ஆடி, ஏறுபவரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். மேலே போகிறவர்கள் காலில் பட்டுக் கல் உருளும், அதனால் தலைக்கவசம் கட்டாயம். இந்த முறை சங்கிலியைச் சும்மா பிடித்துக்கொண்டேன், பாரத்தைக் கால்தான் சுமந்தது. உச்சிக்குச் சற்று முன்னால் முகட்டில் ஒரு குறுகலான வெட்டு. மறுபக்கம் நேராகப் பள்ளம். அங்கே மட்டும் நின்று மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு தாண்டினேன்.

உச்சியில் எல்லைக்கல்லைத் தொட்டபோது கண் கலங்கிவிட்டது. 1899-இல் மேரி கியூரியும் இங்கே ஏறியிருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது.

வந்த வழியே சங்கிலியில் இறங்க மனமில்லை. எல்லை தாண்டி ஸ்லோவாக்கியப் பக்கம் இறங்கினேன். அந்தப் பாதை நவம்பர் முதல் கோடைத் தொடக்கம் வரை மூடியிருக்கும், நாள் குறிப்பவர்கள் கவனிக்கவும். 2,250 மீட்டரில் ஒரு மலைவிடுதி இருக்கிறது. அதற்கு வேண்டிய சாமான்களை ஆட்கள் முதுகில் சுமந்தே ஏற்றுகிறார்கள். அங்கே குடித்த சூடான தேநீரை அந்த மரியாதையோடுதான் குடித்தேன்.

மறுநாள் முன்கையில் வலியே இல்லை. முழங்கால்தான் நான்கு நாள் படுத்தியது. அடுத்து இறங்குவதற்குப் பயிற்சி எடுக்க வேண்டும்.