புதூரில் ஒரு பழைய வீடு, இரண்டு குடித்தனம்

மதுரை கோ.புதூரில் ஒன்றரை சென்ட் இடத்தில் ஒரு பழைய மாடி வீட்டை வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்கினேன். எண்பதுகளில் கட்டியது. கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம். விலை 42 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. மராமத்துக்கு ஆறு லட்சம் ஆனது. இப்போது இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மாதம் 17,500 ரூபாய் வருகிறது. போட்ட பணத்துக்கு வருஷத்துக்கு நாலு சதவீதம்தான். முழுக்க வங்கிக் கடனில் வாங்கி, வாடகையிலேயே தவணை கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். நான் பெரும்பகுதி சேமிப்பில் வாங்கினேன். இடத்தின் மதிப்பு கூடும், வாடகை மாதாமாதம் வரும், இரண்டும் சேர்ந்தால் போதும் என்பதுதான் என் எண்ணம்.

சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றை 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. தாய்ப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் வக்கீல் படித்துவிட்டுச் சரி என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் குடியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் முன்பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மாடியில் இருந்த அக்கா உட்காரச் சொல்லி, பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே 20 ரூபாய் பத்திரம். மூன்று லட்சத்துக்கு ஒத்தி.

"வீட்டை யார் வேணா வாங்குங்க தம்பி. என் மூணு லட்சம் கைக்கு வந்துட்டா மறு மாசமே சாவியக் குடுத்துர்றேன்" என்றார்.

வீட்டை விற்றவர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மதுரைப் பக்கம் ஒத்தி சர்வசாதாரணம். மொத்தமாகத் தொகை கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பார்கள், காலி செய்யும்போது தொகை திரும்ப வரும். ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யவில்லை என்றால் அது வில்லங்கத்தில் ஏறாது. நேரில் போய்க் கேட்டால்தான் தெரியும். கடைசியில் விலையிலிருந்து மூன்று லட்சத்தைக் கழித்து, பத்திரப் பதிவு அன்றே அக்கா பெயருக்கு டிடி எடுத்துக் கொடுத்து, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஒரு குடும்பத்தின் சேமிப்பு அந்த இருபது ரூபாய்த் தாளை நம்பி இருந்தது. நான் ஒத்திக்கு விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

அப்புறம் மராமத்து. பெயின்ட் அடித்து, ஹாலில் டைல்ஸ் மாற்றினால் உடனே ஆள் வந்துவிடும் என்று பலரும் சொன்னார்கள். ஆள் வருவது உண்மைதான். ஆனால் ஓதம் ஏறிய சுவரில் அடித்த பெயின்ட் ஒரு மழைக்காலம் தாங்காது. நீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றுக்கும்தான் என் பணத்தில் முக்கால்வாசி போனது. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

வேலையை மொட்டை மாடியிலிருந்து ஆரம்பித்தோம். தட்டோடு பதித்த தளம், இடுக்குகளில் புல் முளைத்திருந்தது. பெயர்ந்த ஓடுகளை எடுத்து, தண்ணீர் மழைநீர்க் குழாய்ப் பக்கம் ஓடுகிற மாதிரி வாட்டம் கொடுத்து மறுபடி பதித்தார்கள். மாடி வீட்டு ஹால் கூரையில் ஓரிடத்தில் காரை விழுந்து கம்பி வெளியே தெரிந்தது. அதை வெறும் சிமென்ட் பூசி மூடிவிட்டால் உள்ளே துரு ஏறிக்கொண்டேதான் இருக்கும். தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்குப் பிறகுதான் மேல்பூச்சு. இதில் மேஸ்திரியை அவசரப்படுத்தவே கூடாது.

அதிகம் படுத்தியது மாடி பாத்ரூம். அதற்கு நேர் கீழே கீழ்வீட்டுச் சமையலறை. கூரையில் பழுப்பு நிறத்தில் பெரிய கறை. பழைய இரும்புக் குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போட்டோம். தரையைக் கொத்தி நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடித்தோம். டைல்ஸ் ஒட்ட ஆள் தயாராக நின்றார். நான்தான் நிறுத்தி, வடிகால் வாயைத் துணி வைத்து அடைத்து, நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் கட்டச் சொன்னேன். நீர்மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே சுவரில் சாக்பீஸால் கோடு போட்டோம். மறுநாள் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. கீழே போய்க் கூரையைத் தொட்டுப் பார்த்தேன், குழாய் இறங்குகிற மூலை மட்டும் சில்லென்று இருந்தது. குழாய் தளத்தைத் துளைத்துப் போகிற இடத்தில்தான் ஓட்டை. அதைச் சுற்றிக் கொத்தி, மறுபடி அடைத்து, மறுபடி தண்ணீர் கட்டினோம். இந்த முறை கோடும் நீர்மட்டமும் ஒன்றாகவே நின்றன. அதன் பிறகுதான் டைல்ஸ், அதுவும் ஈரத்தில் வழுக்காத சொரசொரப்பு ரகம். வயதானவர்கள் இல்லாத வீடு நம் ஊரில் எத்தனை இருக்கும்?

வயரிங் மரப்பட்டியில் ஓடியது, எர்த் இல்லை. முழுவதும் மாற்றினோம். விளக்குக்கு ஒன்றரை, பவர் பிளக்குக்கு இரண்டரை, ஏசிக்கு நாலு சதுர மில்லிமீட்டர் வயர். இரண்டு வீட்டுக்கும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி தனித்தனியாக. முன்பு ஒரே மின் இணைப்பில் சப் மீட்டர் வைத்து மாடிக்கு யூனிட் கணக்கில் வசூலித்திருக்கிறார்கள். யூனிட் கூடக் கூட விலையும் கூடும். இரண்டு குடும்பத்தின் செலவும் ஒரே மீட்டரில் விழுந்தால் இருவருக்குமே நஷ்டம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவசமும் ஒன்றுதான் வரும். மாடிக்குத் தனிப் படி, தனிச் சமையலறை இருந்ததால் மின்வாரியத்தில் இரண்டாவது இணைப்புக்கு விண்ணப்பித்து வாங்கினேன். அந்தச் சலுகை குடியிருப்பவருக்குப் போய்ச் சேர வேண்டியது. அதை வீட்டுக்காரர் சம்பாத்தியமாக மாற்றிக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

வாடகைக்கு ஆள் தேட புரோக்கரிடம் போகவில்லை. கேட்டில் ஒரு போர்டு மட்டும். போன் செய்தவர்களில் சிலர் வாடகையைக் கேட்பதற்கு முன்னால், "நாங்க இன்ன ஆளுங்க, பரவாயில்லையா சார்?" என்று கேட்டார்கள். எத்தனை வீட்டு வாசலில் அந்தக் கேள்வியை எதிர்கொண்டிருந்தால் தாங்களாகவே முந்திக்கொண்டு சொல்வார்கள்! அதெல்லாம் வேண்டாம், என்ன வேலை, எத்தனை பேர், எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். கீழே ஒரு நர்ஸ், அவருடைய அம்மாவுடன். மேலே சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர், மனைவி, பள்ளிக்குப் போகும் பையன்.

ஒப்பந்தம் என்றதும் எல்லோரும் பதினொரு மாதம் என்பார்கள். ஒரு வருஷத்துக்குக் குறைவாக எழுதினால் பதிவு வேண்டாம் என்ற பழைய வழக்கம் அது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எந்த வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வாடகைப் பதிவு எண் ஒன்று தருவார்கள். வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நான் மூன்று மாதம்தான் வாங்கினேன். யார் எதைப் பழுது பார்ப்பது என்பதற்குச் சட்டத்தின் இணைப்பிலேயே பட்டியல் இருக்கிறது. குழாய் பதிப்பது, வயரிங், சுவருக்கு வெள்ளையடிப்பது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. டேப் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் குடியிருப்பவர் பொறுப்பு. அதை அப்படியே ஒப்பந்தத்தில் சேர்த்தேன். சாவி கொடுத்த அன்று இரண்டு பக்கமும் சேர்ந்து ஒவ்வொரு அறையையும் மீட்டரையும் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொண்டோம். காலி செய்யும்போது அட்வான்ஸில் எதைப் பிடிப்பது என்ற சண்டைக்கு இடமில்லை.

வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் முந்தைய நாளே சொல்லிவிட்டுத்தான் வருவேன். வாடகைக்கு விட்ட பிறகு அது அவர்கள் வீடு. புரட்டாசி முடிவதற்குள் மொட்டை மாடிக் குழாய் வாயைச் சுத்தம் செய்ய மட்டும் தவறாமல் போகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடைத்துக்கொண்டால் தளத்தில் தண்ணீர் தேங்கி, செய்த வேலை எல்லாம் வீணாகிவிடும்.

வாடகை வரவுக்குத் தனி வங்கிக் கணக்கு. அதில் பத்தில் ஒரு பங்கைத் தொடுவதில்லை. மோட்டார் எரிந்தபோது அந்தப் பணம்தான் கை கொடுத்தது. மாநகராட்சி சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. வருமான வரியில், கட்டிய சொத்து வரியைக் கழித்த பிறகு மிஞ்சும் வாடகையில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளலாம். உண்மையில் அதைவிட அதிகம் செலவு செய்திருந்தாலும் 30தான். அதற்காக மராமத்து ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. பின்னால் வீட்டை விற்கும்போது லாபக் கணக்கில் மேம்பாட்டுச் செலவைக் காட்ட அவை வேண்டும்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது ஐந்து சதவீதம் கூட்டலாமா என்று கேட்டேன். நர்ஸ், "கூட்டிக்கோங்க சார், ஆனா ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சுக் குடுங்க, அம்மாவுக்குத் தூக்கமே இல்லை" என்றார். சட்டப் பட்டியலில் கொசுவலை மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பில்தான் வருகிறது. இருந்தாலும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே அளவெடுக்கச் சொல்லிவிட்டேன்.