விற்கிற வீடும் வாங்குகிற வீடும்: தேதிகளைக் கோர்க்கும் கணக்கு

வடசென்னையில் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை வீட்டை விற்றுவிட்டு கொளத்தூர், மாதவரம் பக்கம் போக நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது: விற்றுவிட்டு வாங்குவதா, வாங்கிவிட்டு விற்பதா? அதற்குப் பதில் சொல்லும் முன்னால் பத்திரப் பையைத் திறந்து பார்க்க வேண்டும். எத்தனை மாதத்தில் வீடு விற்கும் என்பதை விலையைவிட அந்தப் பைதான் அதிகம் தீர்மானிக்கிறது.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பத்திரம் தாத்தா பெயரில் இருக்கும், சொத்துவரி அப்பா பெயரில் வரும், ஈபி கனெக்‌ஷன் பெரியப்பா பெயரில் ஓடும். தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்றில் இருக்கும் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும், கல்யாணமாகிப் போன அக்கா தங்கை உட்பட. “அன்னைக்கு வந்து போட்டுடுவா” என்ற வாய்வார்த்தையை நம்பி அட்வான்ஸ் வாங்காதீர்கள். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே, அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்துவிடுவது நல்லது. வெளிநாட்டில் இருப்பவர் தூதரகம் மூலம் பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) அனுப்ப வேண்டியிருந்தால் அதற்கே மாதக்கணக்கு ஆகும்.

பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், அனுமதி பெற்ற வரைபடம், வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் கொடுத்து, வாங்குபவரின் வங்கி கேட்கும் முன்னால் நீங்களே ஒரு லீகல் ஒப்பீனியன் வாங்கி வையுங்கள். வரைபடம் இல்லாமல் மாடிமேல் மாடி எழுப்பிய வீட்டுக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கும். கோயில் அடிமனையிலோ வக்ஃபு இடத்திலோ கட்டடம் மட்டும் உங்களுடையது என்றால் கடனில் வாங்க யாரும் வரமாட்டார்கள், கையில் பணம் உள்ளவர் மட்டுமே வருவார். வீட்டுவசதி வாரியம் போன்ற அரசு வாரியம் ஒதுக்கிய வீடு என்றால் முதலில் வாரியத்திடமிருந்து விற்பனைப் பத்திரம் வாங்க வேண்டும். இந்த வகைகளில் எதுவாக இருந்தாலும் புது வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் பேச்சையே கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

வீட்டுக்கடனை அடைத்தும் வில்லங்கத்தில் பழைய எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்த) பதிவு நிற்கிறதா பாருங்கள். கடன் முடிந்தது என்று வங்கி ரசீதுப் பத்திரம் பதிந்தால்தான் அந்தக் கணக்கு முடியும். கடன் முழுதாக முடிந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித்தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2023 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. வங்கியின் தவறால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. தனிநபர் எடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதமும் கிடையாது. கடன் இன்னும் ஓடுகிறதென்றால் வங்கியிடம் பாக்கித்தொகைக் கடிதமும், அவர்களிடம் இருக்கும் பத்திரங்களின் பட்டியலும் கேட்டு வாங்குங்கள். வாங்குபவரின் வங்கி அந்தப் பாக்கியை நேராக உங்கள் வங்கிக்கே டிடி எடுத்துக் கட்டிவிடும்.

அடுத்தது போக்கியம். மாடிப் போர்ஷனை 5, 6 லட்சத்துக்குப் போக்கியம் விட்ட வீடுகள் ராயபுரம், கொருக்குப்பேட்டையில் தெருவுக்குத் தெரு உண்டு. வாங்குபவர் காலி வீடு கேட்பார், போக்கியக்காரர் பணம் கையில் வராமல் காலி செய்யமாட்டார், பணமோ உங்களுக்கு வாங்குபவரிடமிருந்துதான் வரவேண்டும். இந்த முடிச்சை விற்பனை ஒப்பந்தத்திலேயே அவிழ்த்துவிடலாம்: இரண்டாம் தவணை இன்ன தேதி, அந்தப் பணம் போக்கியக்காரருக்கு, அன்றே சாவி.

இப்போது பணக் கணக்கு. எல்லோரும் தப்புப் போடுவது இங்கேதான். ஒரு மாதிரிக் கணக்கு: வீடு 80 லட்சத்துக்குப் போகிறது. பழைய கடன் பாக்கி 18 லட்சம், போக்கியம் 6 லட்சம், தரகு 1 சதவீதம் என்றால் 80,000. விலை 50 லட்சம் அல்லது அதற்குமேல் என்பதால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (உங்கள் பெயரில் வருமான வரித்துறைக்குக் கட்டும் பிடித்தம்) பிடிப்பார், அது இன்னொரு 80,000. கைக்கு வருவது 54.4 லட்சம். கொளத்தூரில் பார்த்திருக்கும் வீடு 95 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், 8.55 லட்சம். தரகு 95,000. ஆக 104.5 லட்சம் வேண்டும். பள்ளம் 50.1 லட்சம். மனதில் போட்ட கணக்கு “95இல் 80 போக 15, கடன் பாக்கியோடு 33” என்று இருந்திருக்கும்.

50 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடம் என்றால் தவணை மாதம் சுமார் 43,400 ரூபாய். ஐம்பது வயதைத் தொட்டவருக்கு வங்கி 10 வருடம்தான் தரும் என்றால் அதுவே சுமார் 62,000. வீட்டு விலை 10 லட்சத்துக்குமேல் போனால் பத்திரச் செலவை வீட்டின் மதிப்பில் சேர்த்துக் கடன் கணக்கிட முடியாது, அதனால் அந்த எட்டரை லட்சம் கைக்காசாக வேண்டும். 9 சதவீதமும் பத்திர விலை, அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன்மேல். நீங்கள் வாங்கும்போது டிடிஎஸ் பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கணக்கு நின்றால் ஒப்பந்தங்களுக்கு வரலாம். விற்கும் ஒப்பந்தத்தை முதலில் போடுங்கள், அதற்கு 120 நாள் கெடு வையுங்கள். வழக்கமான 90 நாளில், வாங்குபவரின் வங்கி லீகல், மதிப்பீடு, அனுமதி என்று மூன்று நான்கு வாரத்தைத் தின்றுவிடும், நீங்கள் வீடு தேட நேரமே மிஞ்சாது. தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிந்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறும். வாங்குபவர் பின்வாங்கினால் ரத்துப் பத்திரமும் பதிந்தால்தான் அடுத்த ஆளிடம் பேசமுடியும். அவர் கையெழுத்துக்கு வராமல் இழுத்தடித்தால் உங்கள் வீடு பூட்டுப் போட்டதுதான். எனவே எந்தச் சூழ்நிலையில், எத்தனை நாளுக்குள் ரத்துக்கு வரவேண்டும், அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தம் என்பதை அதிலேயே எழுதுங்கள்.

வாங்கிய அட்வான்ஸை அப்படியே தூக்கிப் புது வீட்டுக்காரரிடம் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. உங்கள் வாங்குபவருக்குக் கடன் கிடைக்காவிட்டால் அவருக்குத் திருப்பித்தர வேண்டும், புது வீட்டுக்காரரிடமிருந்து திரும்பி வராது. அவருடைய கடன் அனுமதிக் கடிதத்தைப் பார்க்கும்வரை அந்தப் பணம் வங்கியில் கிடக்கட்டும். அதுவரை புது வீட்டுக்கு உங்கள் சேமிப்பிலிருந்து சின்ன டோக்கன் போதும். எங்கள் வீடு விற்றால்தான் வாங்குவோம் என்று எழுத அந்தப் பக்கத்துக்காரர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். அட்வான்ஸைக் குறைத்து, கெடுவை நீட்டிப் பேசுவதுதான் நடைமுறையில் கிடைக்கும் பாதுகாப்பு.

இரண்டு பதிவையும் ஒரே நாளில் வைக்கும் ஆசை வேண்டாம். வாங்குபவரின் வங்கி தரும் டிடி உங்கள் பெயரில் இருக்கும், அதைப் போட்டுப் பணமாக்க ஓரிரு வேலைநாள் ஆகும். ராயபுரத்தில் காலை பதிந்து மாதவரத்தில் மதியம் பதிவது காகிதத்தில்தான் அழகு. சர்வர் மெதுவாகிவிட்டாலோ ஒருவர் கைரேகை விழாமல் போனாலோ இரண்டு பதிவு டோக்கனும் போச்சு. நடுவில் குறைந்தது மூன்று வேலைநாள் விடுங்கள். பதிந்த பிறகு 30 அல்லது 45 நாள் பழைய வீட்டிலேயே இருக்க ஒப்பந்தத்தில் இடம் கேளுங்கள். பதிலுக்கு வாங்குபவர் தன் கைப்பணத்தில் ஒன்றிரண்டு லட்சத்தைச் சாவி கொடுக்கும்வரை நிறுத்திவைக்கட்டும். முதலீட்டுக்கு வாங்குபவர் ஒத்துக்கொள்வார், குடிவர நினைப்பவர் தயங்குவார். எம்.சி. ரோடு பக்கம் கடைக்காக வாங்குகிறவர்கள் வங்கிக் கடனில்லாமல் சீக்கிரம் முடிப்பார்கள், ஆனால் பாதியை ரொக்கமாகத் தரப் பார்ப்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்குமேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் வரலாம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், கணக்கில் இல்லாத பணத்தை வைத்து ஒழுங்கான வீட்டை எப்படி வாங்குவீர்கள்?

முதலில் வாங்கிவிட்டு விற்க ப்ரிட்ஜ் லோன் (பழைய வீடு விற்கும்வரை இடைக்காலக் கடன்) தரும் வங்கிகள் உண்டு. காகிதம் சுத்தமான ஃபிளாட் வைத்திருப்பவர் யோசிக்கலாம். 600 சதுர அடியில் பொதுச்சுவர் வைத்த பழைய வீட்டுக்காரர் கிட்டப் போகவேண்டாம். அவர் விற்றுவிட்டு 11 மாத வாடகைக்குப் போய் நிதானமாகத் தேடுவது மேல். இரண்டு தடவை சாமான் ஏற்றும் செலவு, அவசரத்தில் தண்ணீர் தேங்கும் தெருவில் வாங்கும் நஷ்டத்தைவிடக் குறைவு. ரெட்டேரி, மாதவரம் ஏரியைச் சுற்றிப் பார்ப்பவர்கள் 2015, 2023 டிசம்பர் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்வீட்டில் கேளுங்கள். விற்பவரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை.

மாதமும் பார்க்க வேண்டும். ஆனியில் விற்பனை ஒப்பந்தம் போட்டால் ஆடி முழுக்க வீடு பார்க்கலாம். மற்றவர்கள் ஒதுங்கும் மாதம் என்பதால் விற்பவர் விலை பேச இறங்கி வருவார். ஆவணியில் இரண்டு பதிவும் முடித்து, புரட்டாசிக்கு முன் பால் காய்ச்சிவிடலாம். முகூர்த்த நாளில் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் விட்டாலும் கூட்டம் அதிகம், டோக்கனை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

வரி விஷயத்தில், வீடு விற்ற லாபத்துக்கான வரியிலிருந்து கிடைக்கும், பிரிவு 54 என்று எல்லோரும் சொல்லும் விலக்குக்கு வீடு 24 மாதத்துக்குமேல் உங்களிடம் இருந்திருக்க வேண்டும். விற்ற தேதிக்கு ஒரு வருடம் முன்போ இரண்டு வருடத்துக்குள்ளோ புது வீடு வாங்க வேண்டும், கட்டுவதானால் மூன்று வருடம். புது வீட்டில் போடவேண்டியது லாபத் தொகையை, முழு விலையை அல்ல. பழைய கடனை அடைத்தது லாபத்தைக் குறைக்காது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வீடு அமையவில்லையென்றால், மீதி லாபத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிட வேண்டும். சாதாரண எஃப்டியில் போட்டால் விலக்கு போய்விடும். புது வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றாலும் அதே கதி.

சாவி கொடுக்கும் நாளில் ஈபி மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சொத்துவரி அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும், எந்த அரையாண்டு வரை யார் கட்டுவது என்பதையும் குடிநீர் வரியையும் பத்திரம் எழுதும்போதே பேசி முடியுங்கள். ஈபி டெபாசிட் பெயர் மாற்றத்தோடு வாங்குபவருக்குப் போய்விடும், வேண்டுமானால் அந்தத் தொகையைக் கணக்கில் சேர்த்துக் கேட்கலாம்.