அஞ்சு நாள் அடைக்கலம்

“தாவீதுக்கு மீகாள் இருந்தா. எனக்கு யாருக்கா இருக்கா?”

இதற்குப் பதில் தெரியாமல் நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் நடந்தது, பின்னால் நடந்தது எல்லாவற்றையும் மனதுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தாயிற்று. இந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பேச்சை மாற்றவில்லை.

அன்றைக்கு எங்கள் சென்டரில் அவளுக்கு ஐந்தாவது நாள். 2015-இல் இந்த ஒன் ஸ்டாப் சென்டர் திட்டம் வந்தபோதே போட்ட கணக்கு அது. அடிபட்டு வரும் பெண்ணுக்குப் படுக்கை, சாப்பாடு, வைத்தியம், போலீஸ், வக்கீல், கவுன்சலிங் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. தங்குவது மட்டும் ஐந்து நாளுக்கு மிகாமல். அதற்குமேல் வேண்டுமென்றால், போக்கிடம் இல்லாத பெண்கள் தங்க அப்போதிருந்த சுவாதார் இல்லத்துக்குக் கடிதம் போட்டு அனுப்பினோம். அவள் விஷயத்தில் அந்தக் கடிதம் தயாராக இருந்தது. மேஜைமேல் என் கைக்குக் கீழேதான் கிடந்தது.

காலையிலேயே புருஷன்காரன் கேட்டுக்கு வந்துவிட்டான். கூடச் சபை மூப்பர்கள் இரண்டு பேர். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “புத்தி சொல்லிருக்கோம் மேடம், உபவாச ஜெபத்துல வச்சிருக்கோம்” என்று கைகட்டித்தான் நின்றார்கள். ஆனால் உள்ளே இருந்தவளுக்கு அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தது ஒன்று பேதுரு 3. மனைவி வாய் திறந்து போதிக்காமலே நடக்கையால் புருஷனை ஆதாயப்படுத்தலாம் என்கிற இடம். வாய் திறக்காததால்தான் அவளுக்கு இடது காது சரியாகக் கேட்காமல் போனது. அது ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது, பேதுருவில் இல்லை.

அவள் பையைக் கட்டி முடித்திருந்தாள். கவுன்சலிங் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய், “யோசிச்சுத்தான் போறியா?” என்று கேட்டேன். போனைத் திருப்பிக் காட்டினாள். கண்ணாடிக் கவருக்குள் புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை. வியர்வையில் ஓரம் உப்பி, ரோஜாப் பூ படம் வெளுத்துப்போயிருந்தது. சங்கீதம் 91:2. “நீர் என் அடைக்கலம், என் கோட்டை.”

“நீங்களும் வேதக்காரங்கதானக்கா? நம்புதியளா, இல்லையா?”

வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த பயிற்சியில் தெளிவாகவே சொன்னார்கள்: முடிவு அவளுடையது, உன் சாமியை உள்ளே கொண்டுவராதே. அதை நான் மீறியதே இல்லை. அன்றைக்கு அவள் பையிலிருந்த வேதாகமத்தை வாங்கி 59-ஆம் சங்கீதத்தைத் திறந்தேன். அதன் தலைப்பைக் காட்டினேன். தாவீதைக் கொல்ல சவுல் ராஜா ஆள் அனுப்பி வீட்டைச் சுற்றிக் காவல் வைத்த ராத்திரி தாவீது பாடியது. முதலாம் சாமுவேல் 19-இல் அந்தக் கதை இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி தப்பாவிட்டால் நாளைக்குக் கொன்றுபோடுவார்கள் என்று சொல்லி அவன் மனைவி மீகாள் அவனை ஜன்னல் வழியாக இறக்கிவிடுகிறாள். கட்டிலில் ஒரு சுரூபத்தைக் கிடத்தி, துணியைப் போட்டு மூடி, வந்தவர்களிடம் அவருக்கு உடம்புக்குச் சரியில்லை என்கிறாள். “கர்த்தர் அடைக்கலம்னு பாடுன மனுஷன் ஓடித்தான போனான்? வீட்டுக்குள்ளயே இருக்கலையே” என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி, மறுக்கமாட்டேன். சரியான வசனம் சரியான நேரத்தில் கிடைத்த திருப்தி.

அப்போதுதான் அவள் மீகாளைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டாள். கோபமாக இல்லை. சண்டே ஸ்கூல் பிள்ளை டீச்சரிடம் சந்தேகம் கேட்கிற மாதிரி. பிறகு, “நீங்க அஞ்சு நாளைக்குத்தானக்கா பிடிச்சிக்கிடுவிய?” என்றாள்.

நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தைச் சொன்னேன். அந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் இருக்க உனக்கு உரிமை உண்டு என்று 17-ஆம் பிரிவைச் சொன்னேன். மனுப் போட்டால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளில் முடித்துவிடப் பார்க்கவேண்டும் என்று சட்டம் சொல்வதையும் சொன்னேன். வாய்தாக்களைப் பற்றிச் சொல்லவில்லை. அவளாகவே கேட்டாள். அவள் பீடி சுற்றுகிறவள். பீடிக் கணக்கு எழுதும் பாஸ்புக் அந்த ஊர்க் கடையில் இருக்கிறது. வெளியூருக்குப் போனால் அவளுக்கு இலை, தூள் யார் கொடுப்பது? மூத்தவனுக்கு அரைப் பரீட்சை. சுவாதாரில் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார விடுவார்களா?

ஆக, அவள் வசனத்தைச் சொன்னது விசுவாசத்தாலா, வேறு போக்கிடம் இல்லாததாலா? பீடிக் கணக்குத்தான் உண்மையான காரணம், வசனம் மேல்போர்வை என்றுதான் முதலில் தீர்மானித்தேன். அப்படி நினைத்தால் எனக்கு வசதி, என் பங்கு குறைந்துவிடும். ஆனால் யோசித்தால் கூசுகிறது. என் விசுவாசத்தை மட்டும் முழுசாக எடுத்துக்கொண்டு, அவளுடையதைப் பஸ் செலவோடும் பாஸ்புக்கோடும் சேர்த்து எடைபோட நான் யார்? தொகுப்பூதியம்தான் என்றாலும் எனக்கு மாசாமாசம் சம்பளம் வருகிறது. ராத்திரி கதவைத் தாழ்போட்டுவிட்டு 91-ஆம் சங்கீதம் வாசிக்கிறவள் நான். அவள் அதைத் தாழ்ப்பாள் வைக்க முடியாத கதவுக்குப் பின்னால் வாசிக்கிறாள்.

இன்னொன்றும் உண்டு. அதே 91-ஆம் சங்கீதத்தைத்தான் பிசாசு இயேசுவிடம் சொன்னான். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றான். தேவனைப் பரீட்சை பாராதே என்பது அவர் சொன்ன பதில். யோசேப்பும் ஏரோதுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குத்தானே போனான்? தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கினார்கள். இதெல்லாம் அன்றைக்கு என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லவில்லை. அடிபட்டு வந்தவள் பிடித்துக்கொண்டிருக்கும் வசனத்தைப் பிசாசும் சொன்னான் என்று எப்படிச் சொல்ல? கேட்டுக்கு வெளியே நின்ற மூப்பர்களிடம் சொல்லியிருக்கலாம். அவர்களிடம், “பெண்கள் ஹெல்ப்லைன் 181-க்கு எப்ப வேணும்னாலும் கூப்பிடலாம்னு அவகிட்ட சொல்லிருக்கேன்” என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்லும்போது புருஷன்காரனைப் பார்த்துத்தான் சொன்னேன்.

வசனத்தைத் திறந்தது விதிமீறலா என்று சென்டர் அட்மினிடமும் பேசிப் பார்த்தேன். அவர், “அவங்க பாஷையில பேசுனீங்க, அவ்வளவுதான்” என்றார். எனக்கும் பாதி நாள் அப்படித்தான் தோன்றுகிறது. அவளே ஆரம்பித்த பேச்சு; நான் பேசாமல் இருந்தால் அவள் கேள்விக்கு இல்லை என்று பதில் சொன்ன மாதிரி ஆகியிருக்கும். மீதிப் பாதி நாள் வேறு ஒன்று தோன்றுகிறது. சுவாதாருக்குப் போகிறேன், கர்த்தர் என் அடைக்கலம் என்று அவள் சொல்லியிருந்தால், நான் வேதத்தைத் திறந்து ஒத்துப் பார்த்திருப்பேனா? ஆமென் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருப்பேன்.

பிறகு ஃபாலோ-அப்பில் கூப்பிட்டபோதெல்லாம், “நல்லாருக்கேன்க்கா, ஸ்தோத்திரம்” என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாளா என்று தெரியாது. அடுத்த வருஷம் ஒரு சேகரத்து அசனத்தில், சபை விருந்தில், பார்த்தேன். பந்தியில் பிள்ளைகளோடும் அவனோடும் உட்கார்ந்திருந்தாள். அவன் சின்னவளுக்குக் கறியில் எலும்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கைகழுவப் போன இடத்தில் என் கையைப் பிடித்து, “குடிய விட்டுட்டாருக்கா. கர்த்தர் கைவிடலை பாத்தியளா?” என்றாள். நான் அவள் இடது பக்கம் நின்றிருந்தேன். “சந்தோஷம்மா” என்றேன். அவள் வலது காதைத் திருப்பி, “என்னக்கா?” என்றாள்.

அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம். அவன் திருந்தியிருந்தால் அந்தக் கிராமத்துச் சபையின் ஜெபத்துக்கு அதில் பங்கு இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? அதே வசனத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய், எங்கள் ரெஜிஸ்டரில் மறுபடியும் வேறு விதமாகப் பெயர் ஏறியவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு என்ன சொல்லிக்கொடுப்பது என்று புதிதாகச் சேர்ந்த கேஸ் வொர்க்கர் கேட்டாள். “முதல்ல பாஸ்புக் எந்தக் கடையில இருக்குன்னு கேளு” என்றேன். “வசனம் சொன்னாங்கன்னா?” என்றாள். கேட்டுக்கோ என்றேன். பதில் சொல்லலாமா என்றதற்கு அட்மினைக் கைகாட்டிவிட்டேன்.